கிரவுன் ஆயிலின் கதை

லாரிப் பட்டறை ஒன்றின் அருகே நீங்கள் சற்று நேரம் நின்றதுண்டா? நின்றிருந்தால், லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் போலப் புடைத்து நிற்கும் ஓர் இரும்புக் கூட்டைக் கண்டிருப்பீர்கள். மெக்கானிக் அதன் கீழே படுத்துக்கொண்டு அடியிலுள்ள திருகாணியைக் கழற்றுகிறார். கீழே வைத்த தட்டில் கறுத்த, கொழகொழப்பான திரவம் நூலாக இறங்குகிறது. அதன் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. என்ஜின் எண்ணெயின் வாடை அல்ல அது. கந்தகத்தையும் அழுகிய முட்டையையும் நினைவூட்டும் வாடை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "கிரவுன் ஆயில் மாற்றுகிறேன்" என்பார்.

என்ஜினுக்கு எண்ணெய் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவோம். எரிபொருள் எரிகிற இடம் அது. ஆனால் எதுவுமே எரியாத இந்தப் பின்னச்சுக்கு எதற்குத் தனி எண்ணெய்? அது ஏன் இப்படி நாறுகிறது? மூடிய கூட்டுக்குள்ளேயே இருக்கும் எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிப் புறப்பட்டால், பாரிஸ் நகரத்துக் கடிகாரக் கலைஞர் ஒருவரையும், இங்கிலாந்தின் மூன்று சக்கர வண்டி ஒன்றையும், நடுக்கடலில் வேட்டையாடப்பட்ட திமிங்கிலங்களையும் வழியில் சந்திப்போம். வாருங்கள், புறப்படுவோம்.

இரு சக்கரங்கள், இரு பாதைகள்

முதலில் மாட்டு வண்டியைப் பாருங்கள். அதன் அச்சு சுழல்வதில்லை. சக்கரங்கள் மட்டும் அச்சின் மீது தனித்தனியே சுழல்கின்றன. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. மாடு இழுக்கிறது, சக்கரங்கள் தம் போக்கில் சுழல்கின்றன. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை.

லாரியில் கதை வேறு. அங்கே சக்கரங்கள்தாம் வண்டியைத் தள்ளுகின்றன. என்ஜினின் ஆற்றல் இரு பின்சக்கரங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பொருத்தினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் தூரம் என்று கொள்ளுங்கள். லாரி முழுதாகத் திரும்பி வந்த வழியே போக வேண்டுமானால், இரு சக்கரங்களும் இரண்டு அரைவட்டங்களில் ஓடுகின்றன. இரண்டின் ஆரங்களுக்கும் வேறுபாடு 1.8 மீட்டர். ஆகவே ஓடும் தூரங்களின் வேறுபாடு 1.8 × 3.14, அதாவது ஏறத்தாழ 5.65 மீட்டர். லாரி அகலமாகத் திரும்பினாலும் குறுகலாகத் திரும்பினாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பது வியப்பான செய்தி. ஒரே தண்டில் இறுக்கிய சக்கரங்களானால் இந்தத் தூரத்தை அவை சாலையில் தேய்த்துக்கொண்டே கடக்க வேண்டும். டயர் கிழியும், தண்டு முறுக்குண்டு ஒடியும்.

ஆக, இரு சக்கரங்களையும் தள்ளவும் வேண்டும். அதே சமயம் அவற்றைத் தம் விருப்பப்படி வெவ்வேறு வேகத்தில் சுழலவிடவும் வேண்டும். முரண்பட்ட இந்த இரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் பற்சக்கர அமைப்பே 'டிபரன்ஷியல்' எனப்படுகிறது.

அதன் தத்துவத்தைப் புரிந்துகொள்ள, கிணற்றுக் கப்பி ஒன்று போதும். கப்பியின் மீது கயிற்றைப் போட்டு, அதன் இரு நுனிகளிலும் ஒவ்வொரு சிறு வண்டியைக் கட்டுங்கள். இப்போது கப்பியைப் பிடித்து முன்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். இரு வண்டிகளும் சமமாக ஓடினால் கப்பி உருளாது. ஒரு வண்டி தடைப்பட்டால் கப்பி உருளும். மற்ற வண்டி அதற்கு ஏற்ப விரையும். நீங்கள் 1 மீட்டர் இழுக்கும்போது ஒரு வண்டி 0.8 மீட்டர் நகர்ந்தால், மற்றது 1.2 மீட்டர் நகரும். இரண்டின் சராசரி எப்போதும் நீங்கள் இழுத்த தூரமே. லாரியின் டிபரன்ஷியலில் கப்பியின் வேலையைச் செய்பவை சிறிய கூம்புப் பற்சக்கரங்கள். அவற்றைச் சுமந்து சுழலும் பெரிய சக்கரம்தான் கிரீடம் போன்ற வடிவுடைய கிரவுன் சக்கரம். கிரவுன் ஆயில் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

கடிகாரக்காரரும் சைக்கிள்காரரும்

இந்தப் பற்சக்கர அமைப்பை முதன்முதலில் ஓர் ஊர்திக்கென வகுத்தவர் ஒனேசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலில் தேர்ந்தவர். பாரிஸ் நகரின் கலை, தொழில் காப்பகத்தில் பணியாற்றியவர். 1820-களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் என்ஜினே பிறக்காத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நோய் வருவதற்கு முன்பே மருந்து பிறந்துவிட்டது எனலாம். அதனாலேயே உலகம் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் அது மீண்டும் பிறந்தது. தையல் இயந்திரத் தொழிலிலிருந்து சைக்கிள் தொழிலுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியில் தம் மகனுடன் சென்றாராம். மகனின் கால்வலு தந்தையின் கால்வலுவை மிஞ்சவே, வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துச் சென்று தடம் மாறிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருப்பினும், 1877-இல் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு டிபரன்ஷியலைப் பொருத்தினார் என்பது வரலாறு. மோட்டார் வண்டி வந்தபோது இந்த அமைப்பு தயாராகக் காத்திருந்தது.

ஆனால் தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் டிபரன்ஷியல் வண்டியின் நடுப்பகுதியில் இருந்தது. அங்கிருந்து இரு பக்கமும் சங்கிலிகள் பின்சக்கரங்களை இழுத்தன. சங்கிலியில் புழுதி ஒட்டும், சேறு அப்பும், எண்ணெய் நில்லாது. 1898-இல் லூயி ரெனோ என்ற இளைஞர் பிரான்சில் தாம் செய்த சிறு வண்டியில் சங்கிலியை விலக்கி, ஒரு சுழல்தண்டின் மூலம் ஆற்றலைப் பின்னச்சுக்குக் கொண்டு சென்றார். கார்கள் விரைவில் இம்முறைக்கு மாறின. கனரக லாரிகளோ எளிதில் மாறவில்லை. 1916-இல் தோன்றிய மாக் நிறுவனத்தின் ஏ.சி. வகை லாரிகள் 1930-களின் இறுதிவரை சங்கிலியால்தான் ஓடின. பாரம் மிகுந்த வண்டிக்குப் பற்சக்கரங்களை நம்ப அக்காலத்தில் பலர் தயங்கினார்கள்.

தண்டு வந்ததும் ஒரு புதிய தேவை எழுந்தது. தண்டு வண்டியின் நீளவாட்டில் சுழல்கிறது. சக்கரத்தின் அச்சோ குறுக்குவாட்டில் இருக்கிறது. சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டும். தண்டின் நுனியிலுள்ள சிறிய பினியனும், அதனுடன் பிணையும் பெரிய கிரவுன் சக்கரமும் இந்த வேலையை ஏற்றன. இவை அனைத்தையும் ஒரு கூட்டுக்குள் அடைத்து, எண்ணெயை ஊற்றி மூடினார்கள். கிரவுன் சக்கரத்தின் அடிப்பாகம் எண்ணெயில் முழுகிச் சுழன்று, எண்ணெயை வாரி எல்லாப் பற்களுக்கும் தாங்கிகளுக்கும் தெளிக்கிறது. பம்பு இல்லை, குழாய் இல்லை. சக்கரமே இறைக்கிறது, சக்கரமே குளிக்கிறது.

அந்த நாட்களில் எண்ணெயைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படவில்லை. நீராவி என்ஜின்களின் சிலிண்டர்களுக்கென உருவான தடித்த எண்ணெயையே பின்னச்சிலும் ஊற்றினார்கள். 'தடிப்பாக இருந்தால் போதும்' என்பதே விதி. அந்த விதியை ஒரு புதிய பற்சக்கரம் உடைத்தது.

எண்ணெய் தோற்ற இடம்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கிளீசன் என்ற நிறுவனம் கூம்புப் பற்சக்கரங்களை வெட்டும் இயந்திரங்களைச் செய்து வந்தது. நேரான பற்களைக் கொண்ட சக்கரங்கள் ஓடும்போது பல்லும் பல்லும் மோதி இரைச்சல் எழும். 1913 அளவில் பற்களை வளைவாக வெட்டும் முறை கைவந்தது, இரைச்சல் தணிந்தது. அடுத்து, கிளீசனின் பொறியியலாளர்கள் பினியனைக் கிரவுன் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து சற்றுக் கீழே இறக்கி அமைத்தார்கள். இதுவே ஹைபாய்டு பற்சக்கரம். 1926-இல் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் இதனைக் கொண்டுவந்தது.

இதனால் என்ன நன்மை? பினியன் தாழ்ந்ததால் சுழல்தண்டும் தாழ்ந்தது. காரின் தரைப்பகுதியையும் தாழ்வாக அமைக்க முடிந்தது. பினியனைப் பெரிதாகச் செய்யலாம் என்பதால் அதன் பற்கள் வலுப்பெற்றன. ஓட்டம் அமைதியாயிற்று. பாரம் இழுக்கும் லாரிகளுக்குப் பிற்காலத்தில் இது பெரும் வரமாயிற்று.

ஆனால் வரத்துடன் ஒரு சாபமும் வந்தது. சாதாரணக் கூம்புப் பற்சக்கரங்களில் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மீது ஒன்று உருள்கின்றன. ஹைபாய்டில் பற்கள் உருள்வதோடு நீளவாட்டில் உரசி வழுக்கவும் செய்கின்றன. உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மற்றொரு கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அழுத்தம் கூடக்கூட எண்ணெய் பக்கவாட்டில் பிதுங்கி, தோலும் தோலும் தொட்டுவிடுகின்றன அல்லவா? அதுவே அங்கும் நடந்தது. தடித்த எண்ணெயாலும் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. பற்களின் முகம் கீறலுற்றது. ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்தது.

வெறும் எண்ணெய் ஏன் தோற்றது என்பதை அறிவியல் உலகம் 1930-களில் தெளிவாகக் கண்டது. கண்ணாடி போல் பளபளக்கும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மலைத்தொடர் போலவே தெரியும். இரு பரப்புகள் சேரும்போது சிகரங்கள் மட்டுமே தொடுகின்றன. முழுப் பாரத்தையும் அந்தச் சில புள்ளிகளே சுமக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பௌடன் என்பவரும் அவருடைய தோழர்களும், உரசும் புள்ளிகளில் வெப்பநிலை கணநேரத்தில் பல நூறு டிகிரிக்கு எகிறுவதை அளந்து காட்டினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாக் என்ற பொறியியலாளர் 1937-இல் இந்தக் கணநேர வெப்பத்தைக் கணக்கிடும் வழியைத் தந்தார். கூட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு பல்லின் நுனியிலோ உலோகம் பற்றவைக்கப்படும் அளவுக்குச் சூடு!

தீர்வு வேதியியலிலிருந்து வந்தது. எண்ணெயில் கந்தகச் சேர்மங்களைக் கலந்தார்கள். சாதாரண வெப்பத்தில் அவை சும்மா இருக்கும். சிகரமும் சிகரமும் உரசிச் சூடேறும் அந்த இடத்தில் மட்டும் கந்தகம் இரும்புடன் வினைபுரிந்து, இரும்பு சல்பைடு என்ற மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அடுத்த உரசலில் பல் தேய்வதற்குப் பதிலாக இந்தப் படலம் வழுக்கிக் கழிகிறது; உடனே புதிய படலம் பிறக்கிறது. வீட்டைக் காக்க வாசலிலேயே தன்னைக் கொடுக்கும் காவலனைப் போன்றது இது. தொடக்கத்தில் கந்தகத்துடன் ஈய சோப்பையும், சில சமயம் குளோரினையும் சேர்த்தார்கள். பின்னர் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த கலவைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

நம் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. கிரவுன் ஆயிலின் நாற்றம் அந்தக் காவலனின் நாற்றம்தான். மூன்றாம் கேள்விக்கும் விடை அருகிலேயே இருக்கிறது. காவலன் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான் அல்லவா? கூட்டிலுள்ள எண்ணெய் ஒரு சொட்டும் குறையாமல் இருக்கலாம். ஆனால் அதிலுள்ள சேர்மங்கள் நாளடைவில் செலவழிந்து போகின்றன. வெப்பத்தால் எண்ணெய் ஆக்சிஜனுடன் சேர்ந்து கெடுகிறது. தேய்ந்த உலோகத் துகளும் எப்படியோ நுழைந்த ஈரமும் சேர்கின்றன. அளவு நிறைவாக இருந்தும் ஆற்றல் வறண்ட எண்ணெய் அது. அளவுகோலை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளும் உரிமையாளர் ஏமாறுவது இங்கேதான்.

எந்த எண்ணெய் எவ்வளவு தாங்கும் என்று அளக்கவும் கருவிகள் பிறந்தன. 1933-இல் டெல்ப்ட் நகரில் உருவான நான்கு குண்டுச் சோதனைக் கருவி அவற்றுள் புகழ்பெற்றது. மூன்று எஃகுக் குண்டுகளை எண்ணெயில் முழுக்கி நெருக்கிப் பிடித்து, நான்காவது குண்டை அவற்றின்மேல் அழுத்திச் சுழற்றுவார்கள். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் குண்டுகள் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். அதுவே அந்த எண்ணெயின் எல்லை. எளிமையான இந்தக் கருவியின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் இயங்குகின்றன.

திமிங்கிலம் கொடுத்த விலை

இனி நாம் கடலுக்குப் போக வேண்டும். கந்தகத்தை எண்ணெயில் நேராகக் கலந்தால் அது நிலைத்து நிற்பதில்லை. அதைத் தாங்கிக்கொள்ள ஒரு கொழுப்புப் பொருள் தேவை. அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். இந்தத் திமிங்கிலத்தின் பெருந்தலையில் நிறைந்திருப்பது உண்மையில் எண்ணெய் அன்று; ஒருவகைத் திரவ மெழுகு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றின் வேதியியல் அமைப்பு வேறு. இதன் அமைப்பு வேறு. கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அதனை நன்கு பிணைத்துக்கொள்ளும். கனிம எண்ணெயில் தெளிவாகக் கரையும். பிசின் போல் கெட்டிப்படாது.

1950-களில் மற்றொரு தேவையும் சேர்ந்துகொண்டது. சாதாரண டிபரன்ஷியலில், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் ஆற்றல் முழுதும் அந்தச் சக்கரத்திலேயே வீணாகும். கப்பி உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரு வண்டி தடையே இல்லாமல் ஓடினால் மற்றது அசையாது. இதைத் தடுக்க, உராய்வுத் தகடுகள் கொண்ட புதிய வகை டிபரன்ஷியல்கள் 1956 முதல் அமெரிக்கக் கார்களில் இடம்பெற்றன. அந்தத் தகடுகள் விட்டுவிட்டுப் பற்றி அதிராமல், மெல்லப் பற்றி மெல்ல விட வேண்டும். அந்த மென்மையையும் திமிங்கில எண்ணெய் தந்தது.

இதன் விலை என்ன? கார்களுக்கும் லாரிகளுக்கும் மட்டுமல்லாமல் தோல் பதனிடுதல் போன்ற பல தொழில்களுக்கும் இந்த எண்ணெய் தேவைப்பட்டது. 1960-களின் நடுவில் உலகக் கடல்களில் ஆண்டொன்றுக்கு 20,000-க்கும் மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் ஓட்டுநருக்கு, தம் பின்னச்சில் ஒரு கடல் விலங்கின் துளி சுழல்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை.

1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்து, அதன் எண்ணெயை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. மசகு எண்ணெய்த் தொழில் திகைத்தது. மாற்றுப் பொருளைத் தேடியவர்களின் கண்ணில் பட்டது ஹொஹோபா என்ற பாலைவனப் புதர்ச்செடி. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் வறண்ட நிலங்களிலும் வளரும் இதன் விதையில் ஏறத்தாழ பாதி எடை, திமிங்கிலத் தலையில் இருப்பதைப் போன்ற திரவ மெழுகே! இதனை அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1933-இலேயே கண்டறிந்திருந்தனர். தேவை வரும்வரை அந்த அறிவு ஏட்டில் உறங்கியது. ஆயினும் ஹொஹோபா விலை மிகுந்தது. அதிற் பெரும்பகுதி அழகுப் பொருள்களுக்கே போயிற்று. பின்னச்சின் வெற்றிடத்தை நிரப்பியவர்கள் வேதியியலாளர்களே. விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் ஆகியவற்றிலிருந்து செய்த பொருள்களாலும், கந்தக-பாஸ்பரசுக் கலவைகளாலும் அவர்கள் அந்த வேலையை நிறைவேற்றினார்கள். பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1982-இல் எடுத்த முடிவின்படி 1985-86 பருவம் முதல் வணிக வேட்டை நிறுத்தப்பட்டது. சில நாடுகள் அதற்குப் பின்னும் வேட்டையாடின. ஆனால் பற்சக்கரத்துக்காகத் திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டிய தேவை போய்விட்டது. இயலாது என்று கருதப்பட்ட மாற்று, கட்டாயம் வந்ததும் இயன்றது. இது எண்ணெய்க்கு மட்டும் பொருந்தும் பாடம் அன்று.

மூடியும் அதன் முத்திரையும்

எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கூட்டுக்குள் நின்றால்தானே பயன்? பின்னச்சுக் கூடுகள் இரு வகை. நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலும் காணப்படுவது பாஞ்சோ வகை. பாஞ்சோ என்ற இசைக்கருவியின் வடிவை ஒத்திருப்பதால் இப்பெயர். இதில் பற்சக்கரத் தொகுதியை முன்பக்கமாகக் கழற்றி எடுப்பார்கள். எண்ணெயை மாற்ற அடித் திருகாணியைத் திறந்தால் போதும். மற்றொன்று சாலிஸ்பரி வகை. அமெரிக்கச் சிறு லாரிகளில் மிகப் பரவலானது. இதன் பின்புறத்தில் போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு மூடி இருக்கும். அந்நாட்டு மெக்கானிக்குகள் மூடியிலுள்ள போல்ட்டுகளை எண்ணியே '10 போல்ட்', '12 போல்ட்', '14 போல்ட்' என்று சில அச்சுகளுக்குப் பெயரிட்டு அழைக்கிறார்கள். இந்த வகையில் எண்ணெய் மாற்றுவதென்றால் பெரும்பாலும் மூடியையே கழற்ற வேண்டும். ஆகவே அதைத் திரும்பவும் கசியாமல் பொருத்துவது ஒரு கலையாயிற்று.

முன்பெல்லாம் மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே தடித்த காகிதம் அல்லது தக்கையாலான கேஸ்கட்டை வைப்பார்கள். அதன்மேல் பூசிய பசைகளுள் ஒன்று நம் நாட்டு அரக்கிலிருந்து செய்தது. காட்டு மரங்களில் சிறு பூச்சிகள் சுரந்த அரக்கு, கடல் கடந்து போய் மோட்டார்ப் பட்டறைகளில் எண்ணெயைக் காத்தது. ஆனால் தக்கை காய்ந்தால் சுருங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பிதுங்கி உடையும்.

1960-களுக்குப் பின் பட்டறைகளில் பரவிய சிலிக்கோன் பசை இந்நிலையை மாற்றியது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் கிப்பிங் என்ற வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலிக்கோன் சேர்மங்களை ஆராய்ந்தார். ஒட்டிக்கொண்டு தொல்லை தந்த அந்தப் பிசுபிசுப்பினால் நடைமுறைப் பயன் விளையும் என்று அவர் நம்பவில்லை. 1940-இல் அமெரிக்காவில் ரோச்சோ என்பவர், சிலிக்கனின் மீது மெத்தில் குளோரைடு வாயுவைச் செம்பின் துணையுடன் செலுத்தி அதன் மூலப்பொருளை எளிதில் செய்யும் முறையைக் கண்டார். அதன்பின் சிலிக்கோன் ஒரு தொழிலாயிற்று. குழாயிலிருந்து பிதுக்கியதும் இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டு ரப்பராக இறுகுகிறது. சில வகைகளில் புளிக்காடி வாடை வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? இறுகும்போது வெளியேறும் அசெட்டிக் அமிலமே அது. இறுகுதல் வெளியிலிருந்து உள்நோக்கி நடப்பதால், முழுதும் முடிய ஒரு நாள்கூட ஆகலாம். மெக்கானிக் மூடியைப் பொருத்திவிட்டு, அவசரப்படும் ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்வது சோம்பலால் அன்று.

மூச்சுவிடும் அச்சு

கூட்டின் மேற்புறத்தில் சுண்டுவிரல் அளவே உள்ள ஒரு மூச்சுக்குழல் இருக்கும். பலர் இதனைக் கண்டதே இல்லை. 27 டிகிரியில் உள்ள கூடு ஓட்டத்தில் 87 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளிருக்கும் காற்றின் தனி வெப்பநிலை 300-லிருந்து 360 ஆகிறது. காற்று வெளியேற வழியில்லை என்றால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 கிலோகிராம். சிறிதுதானே என்கிறீர்களா? 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர். ஆகவே மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 140 கிலோகிராம்! இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்து நெம்புவதற்கு இது ஒப்பாகும். மூச்சுக்குழல் சேற்றினால் அடைபட்டால், எந்தப் பசையும் ரப்பர் வளையமும் நெடுநாள் தாங்காது, எண்ணெய் கசியும். பசையின் மீது பழியைப் போடுவோம். குற்றவாளியோ மேலே ஒளிந்திருப்பான். எதிர்மாறாக, சூடான அச்சு வெள்ளநீரில் இறங்கினால், உள்ளே காற்று சட்டெனச் சுருங்கி வெளியிலுள்ள நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

எண்ணெய் மாற்றும்போது

இந்த வரலாற்றை அறிந்துகொண்ட உங்களுக்கு, எண்ணெய் மாற்றும் முறையின் ஒவ்வொரு படியும் இப்போது பொருள் தரும். லாரியைச் சற்று ஓட்டிவந்து, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்க வேண்டும். சூட்டில் இளகிய எண்ணெய் துகள்களையும் சேர்த்து இழுத்துவரும். பழையதை இறக்குவதற்கு முன்பே, நிரப்பும் துளையின் திருகாணி திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது துருவேறித் திறக்க மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டியுடன் நடுவழியில் நிற்க நேரும். மூடியுள்ள அச்சானால், மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றிக் கீழ்விளிம்பை மெல்ல நெம்பினால் எண்ணெய் ஒழுங்காக இறங்கும்.

அடுத்து, திருகாணியிலோ கூட்டிலோ உள்ள காந்தத்தைப் பாருங்கள். பசை போன்ற நுண்பொடி ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். கையில் குத்தும் சில்லுகள் இருந்தால் ஏதோ ஒரு பல்லோ தாங்கியோ உடைகிறது. எண்ணெய் பாலைப் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் மருத்துவ அறிக்கை இது. படிக்காமல் துடைத்தெறிய வேண்டாம்.

மூடியையும் கூட்டின் முகத்தையும் பழைய பசை போகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தில் சிலிக்கோன் ஒட்டாது. பசையை அறுபடாத ஒரே கோடாக, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உட்புறமாக இழுத்துச் செல்ல வேண்டும். அளவுக்கு மீறினால் அது உள்ளே பிதுங்கி, அறுந்து எண்ணெயில் மிதக்கும். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக, சிறிது சிறிதாக இறுக்கினால் மூடி வளையாது. மூச்சுக்குழலைத் துடைத்துப் பாருங்கள். பசை இறுகியபின், நிரப்பும் துளையின் விளிம்பு வரை எண்ணெயை ஊற்றினால் வேலை முடிந்தது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். டப்பாவிலுள்ள 90, 140 என்ற எண்கள் தடிப்பை மட்டுமே சொல்கின்றன. ஜி.எல். 4, ஜி.எல். 5 என்பவையே காவலனின் வலிமையைச் சொல்பவை. ஹைபாய்டு அச்சுகளுக்குரியது ஜி.எல். 5, 1962-இல் அமெரிக்க இராணுவம் வகுத்த தரத்தை ஒட்டியது அது. அதையே கியர்பெட்டியிலும் ஊற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். எஃகைக் காக்கும் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். பல கியர்பெட்டிகளில் பித்தளை வளையங்கள் உண்டு. ஒரே காவலன் எல்லா வாசலுக்கும் பொருந்த மாட்டான். வண்டியுடன் தந்த கையேடு சொல்வதே முடிவு.

அடுத்த முறை அந்தக் கறுத்த எண்ணெய் தட்டில் இறங்குவதைக் கண்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போகாதீர்கள். அந்தக் கூட்டிலுள்ள பற்சக்கரம் முன்னேறிய ஒவ்வொரு முறையும் எண்ணெயும் அதனுடன் முன்னேற வேண்டியிருந்தது. பின்தங்கியபோதெல்லாம் இரும்பு கிழிந்தது, அல்லது ஓர் உயிர் விலை கொடுத்தது. எண்ணெயும் அந்த இயந்திரத்தின் ஓர் உறுப்புதான். தேயும் உறுப்பை மாற்றுவது போலவே, தன்னைக் கொடுத்துத் தீர்ந்த எண்ணெயையும் காலத்தில் மாற்ற வேண்டும். இறக்கிய பழைய எண்ணெயை மண்ணில் கொட்டாமல், மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் சேர்த்துவிடுங்கள். கடலில் ஒருமுறை கற்ற பாடத்தை நிலத்தில் மீண்டும் கற்க வேண்டியதில்லை அல்லவா?